மீனும் முகிலும்



சொற்களுக்கும் வரலாறு உண்டு. அரசுகளைப் போலவே சொற்களும் தம் ஆட்சி எல்லையை விரிக்கின்றன. பின்னர் ஒவ்வொரு நாடாக இழக்கின்றன. வானத்தின் பெரும் பரப்பை ஒருகாலத்தில் ஆண்டு, இன்று தனக்குரிய சிறு நிலத்தோடு அமைந்துவிட்ட ஒரு சொல்லின் கதையை இன்றைய உரையில் பார்ப்போம். நெபுலா என்பது அச்சொல். அதன் கதையைச் சொல்லப் புகுந்தால் விண்மீனின் கதையையும் கலக்சியின் கதையையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கும்.

இம்மூன்றுக்கும் பாடநூலில் மூன்று வரிகளில் வரைவிலக்கணம் கிடைக்கும். தன் உள்ளகத்தில் எழும் சக்தியினால் தானே ஒளிரும் வாயுக் கோளம் விண்மீன். விண்மீன்களுக்கிடையே பரந்து கிடக்கும் வாயுவும் தூசும் திரண்ட முகில் நெபுலா. கோடானுகோடி விண்மீன்களும், அவற்றிடையே உள்ள வாயுவும் தூசும் ஈர்ப்பினாற் கட்டுண்டு ஒன்றாய் நிற்கும் பெருந்தொகுதி கலக்சி. மாணவர்கள் இதனை ஒரு பாடவேளையில் மனனம் செய்து ஒப்புவித்துவிடுவார்கள். ஆனால் இந்த மூன்று வரிகளை எழுதும் தகுதியைப் பெறுவதற்கு மனிதகுலத்துக்கு 1610ஆம் ஆண்டு முதல் 1925ஆம் ஆண்டு வரை, 315 ஆண்டுகள் சென்றன. அதுவரை இம்மூன்றில் எது எது என்று அறியாமல் எல்லாவற்றையும் ஒரே பெயரால் அழைத்து வந்தார்கள்.

நம்மிடம் இருந்த சொற்கள்

முதலில் நம்முடைய சொற்களை எடுத்துக்கொள்வோம். மின்னுவது மீன். நீரில் மின்னுவது நீர்மீன். விண்ணில் மின்னுவது விண்மீன். உடு, தாரகை, நட்சத்திரம் என்ற பெயர்களும் உள. யாழ்ப்பாணத்துப் பேச்சில் இவை எல்லாவற்றுக்கும் 'வெள்ளி' என்ற ஒரு சொல்லே போதும். விடிவதற்கு முன் எழுவது விடிவெள்ளி. வாலோடு வருவது வால்வெள்ளி. இலங்கைப் பாடநூல்கள் 'உடு' என்ற நிகண்டுச் சொல்லை எடுத்துப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தன.

பெயர்கள் பல இருந்தமை பெரிதன்று. பழந்தமிழர் ஒரு வேறுபாட்டை அறிந்து பெயரிட்டமையே பெரிது. ஒன்றுக்கொன்று இடம் மாறாமல் நிலைத்து நின்று, நாளைக் கணிக்க உதவுவன நாண்மீன்கள். அவற்றினூடே இடம் பெயர்ந்து செல்வன கோண்மீன்கள். பட்டினப்பாலை, கலந்து நிற்கும் மக்கட் கூட்டத்துக்கு உவமையாக, நாண்மீனோடு கலந்த கோண்மீனை எடுத்தாளுகின்றது. உவமையாக வந்ததென்றால், அந்த வேறுபாடு கேட்போர் எல்லாருக்கும் தெரிந்திருந்தது என்றே கொள்ள வேண்டும். இரண்டும் வெறுங் கண்ணுக்கு ஒரே மாதிரி மின்னும் புள்ளிகள்தாம். அசைவைப் பல இரவுகள் கவனித்தவரே இவை இருவகை என்று சொல்ல முடியும். பொருளைப் பார்த்து, பகுத்து, பின்னர் பெயரிட்டமைக்கு இது நல்ல உதாரணம். இதனை நினைவில் வைத்துக்கொள்வோம். உரையின் முடிவில் இது நமக்கு வேண்டும்.

நாண்மீன்கள் 27 என்பதை அறிவோம். அவற்றுள் மூன்றினை மட்டும் இங்கே தனியாக எடுத்து வைக்கிறேன். ஒன்று கார்த்திகை, ஆறு மீன் என்று நம் முன்னோர் எண்ணியது. இரண்டாவது மிருகசீரிடம், மேலைநாட்டார் ஒரியன் என்ற வேட்டுவனின் தலையாகக் காண்பது. மூன்றாவது பூசம், கடக இராசியில் உள்ளது. இந்த மூன்றுக்கும் ஐரோப்பாவில் நடந்த ஒரு பெரிய கண்டுபிடிப்புக்கும் உள்ள தொடர்பைச் சிறிது நேரத்திற் காண்போம்.

பனிமூட்டம் என்ற பெயர்

நெபுலா என்பது இலத்தீன் சொல். மூடுபனி, மஞ்சு, புகார் என்று நாம் சொல்வதே அதன் பொருள். வானத்தில் எல்லா ஒளிகளும் கூரிய புள்ளிகளாக இருப்பதில்லை. சில இடங்களில் ஒளி கலங்கியதுபோல, ஊதிவிட்ட புகைபோலத் தெரியும். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தொலமி, ஆயிரத்துக்கு மேற்பட்ட விண்மீன்களைப் பட்டியலிட்டபோது, அவற்றுட் சிலவற்றைப் பனிமூட்டம் போன்றவை என்று குறித்து வைத்தார். அவற்றில் ஒன்று கடக இராசியின் நடுவிலுள்ள திட்டு. தீவனத் தொட்டி என்பது அதன் பழைய பெயர். அதன் இருபுறமும் நிற்கும் இரண்டு விண்மீன்களைத் தொட்டியில் தீவனம் தின்னும் இரு கழுதைகள் என்றார்கள். நம்முடைய பூசத்துக்குரிய மீன்களாகக் கொள்ளப்படுவனவற்றுள் அந்த இரண்டும் அடங்கும். தைப்பூசத்தன்று முழுமதி அந்தப் பக்கத்தில் நிற்பதால் மங்கலான திட்டு அதன் ஒளியில் மறைந்துபோகும். நிலவில்லாத இருண்ட இரவில் வெறுங் கண்ணுக்கே தெரியும்.

தொலமிக்கு எண்ணூறு ஆண்டுகள் பின்னர், பாரசீகத்தைச் சேர்ந்த அல் சூபி என்ற வானியலாளர் 964ஆம் ஆண்டளவில் நிலைமீன்களைப் பற்றி அரபு மொழியில் ஒரு நூல் எழுதினார். அந்திரோமீடா என்ற உடுத்தொகுதியில் ஒரு சிறு முகில் இருப்பதாக அந்நூலிற் குறித்தார். சிறு முகில் என்றாரே, அதற்குள் நம்முடைய சூரியனைப் போன்றவை கோடானுகோடி உள்ளன என்பதை நிறுவ இன்னும் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் செல்ல வேண்டியிருந்தது.

முதல் இழப்பு

1610ஆம் ஆண்டு மார்ச் மாதம் கலிலியோ வெனிஸ் நகரில் ஒரு சிறு நூலை வெளியிட்டார். தாம் செய்த தொலைகாட்டியினாற் கண்டவற்றை அதில் எழுதினார். சந்திரனின் மலைகளும் வியாழனின் நான்கு துணைக்கோள்களுமே அந்நூலில் எல்லாரும் அறிந்த செய்திகள். நமக்கு வேண்டியது வேறு பகுதி. கார்த்திகையை நோக்கித் தொலைகாட்டியைத் திருப்பினார். ஆறாகத் தெரிந்த இடத்தில் 36 மீன்களை வரைந்து காட்டினார். ஒரியனின் தலையிலிருந்த மங்கலான திட்டை, அதாவது நம் மிருகசீரிடத்தை நோக்கினார். அங்கே 21 மீன்கள் தெரிந்தன. தீவனத் தொட்டியை, அதாவது பூசத்தின் புகைத் திட்டை நோக்கினார். அது நாற்பதுக்கு மேற்பட்ட சிறு மீன்களாகப் பிரிந்தது. வானத்தின் குறுக்கே ஓடும் பால்வீதியும் அவ்வாறே எண்ணற்ற மீன்களின் கூட்டம் என்று அறிந்தார்.

ஆகவே பனிமூட்டம் என்று ஒன்று இல்லை, நெபுலா எனப்படுவன யாவும் மிக நெருங்கி நிற்கும் விண்மீன்களே என்று கலிலியோ முடிவு செய்தார். அவர் பார்த்த அளவில் அது சரியான முடிவே. அன்று நெபுலா என்ற சொல் தன் ஆட்சியிலிருந்த முதல் நாட்டை இழந்தது. பூசத் திட்டு இன்று விண்மீன் கொத்து என்ற பெயரில் வேறு கணக்கில் உள்ளது. ஆங்கிலேயர் அதற்கு இட்ட செல்லப் பெயர் தேன்கூடு.

ஆனால் பிரியாத முகில்களும் இருந்தன. 1612ஆம் ஆண்டு சைமன் மாரியஸ் என்ற ஜேர்மானியர் அந்திரோமீடாவின் சிறு முகிலைத் தொலைகாட்டியினாற் பார்த்தார். அதில் தனி மீன் ஒன்றும் தெரியவில்லை. கொம்பினாலான மெல்லிய தகட்டின் ஊடாக மெழுகுதிரி வெளிச்சம் தெரிவது போல இருந்ததென்று எழுதினார். ஒல்லாந்து நாட்டு ஹைகன்ஸ், ஒரியனின் வாளில் உள்ள ஒளித்திட்டைப் பார்த்து வரைந்த படம் 1659இல் வெளிவந்தது. அதுவும் பிரியவில்லை. 1716இல், வால்வெள்ளியினாற் புகழ் பெற்ற எட்மண்ட் ஹலி இவ்வாறான ஆறு திட்டுக்களைப் பட்டியலிட்டு, இவை விண்வெளியிற் பரந்துள்ள ஏதோ ஒளிரும் ஊடகம் என்று கருதினார். கலிலியோவின் முடிவுக்கு இது நேர்மாறு.

1755இல் இம்மானுவேல் கான்ட் என்ற மெய்யியலாளர் மூன்றாவது கருத்தொன்றைச் சொன்னார். நம் விண்மீன்கள் யாவும் ஒரு தட்டுப் போன்ற தொகுதி என்றால், முட்டை வடிவாகத் தெரியும் இந்த மங்கலான முகில்கள் அவ்வாறான வேறு தொகுதிகளாக இருக்கலாம். தூரத்தினால் அவை ஒளித்திட்டாகத் தெரிகின்றன என்பது அவர் ஊகம். நூல் பரவுவதற்குள் பதிப்பாளர் கடனில் மூழ்கிவிட்டதால் அதைப் படித்தவர் சிலரே. இந்த ஊகத்துக்குப் பின்னாளில் 'தீவுப் பிரபஞ்சங்கள்' என்ற பெயர் ஏற்பட்டது.

விண்மீன் கூட்டம், ஒளிரும் வாயு, வேறோர் உலகத் தொகுதி என மூன்று விளக்கங்கள். மூன்றுக்கும் ஒரே சொல். மூவரும் தத்தம் முகிலைப் பற்றிச் சரியாகவே சொன்னார்கள். ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு பொருள்கள் இருந்தமையால் வழக்கு தீராமல் இழுபட்டது.

பட்டியல் போட்டவர்கள்

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிஸ் நகரில் சார்ள்ஸ் மெசியே என்றொரு வால்வெள்ளி வேட்டைக்காரர் இருந்தார். புதிய வால்வெள்ளி தூரத்தில் வரும்போது அதுவும் ஒரு புகைத் திட்டாகவே தெரியும். நகராமல் ஒரே இடத்தில் நிற்கும் திட்டுக்கள் அவரை அடிக்கடி ஏமாற்றின. எனவே ஏமாற்றும் திட்டுக்களை எல்லாம் எண்ணிட்டு ஒரு பட்டியல் செய்தார். 1774இல் வெளிவந்தபோது அதில் 45 இருந்தன. 1781இல் 103 ஆயின. அவர் தேடியது வால்வெள்ளியை. ஒதுக்கி வைத்ததே அவருக்கு அழியாப் புகழைத் தந்தது.

அந்தப் பட்டியலை இன்று எடுத்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். முதலாம் எண், 1054ஆம் ஆண்டிற் சீன வானியலாளர் குறித்து வைத்த ஒரு விண்மீன் வெடிப்பின் மிச்சம். 31ஆம் எண், அந்திரோமீடாக் கலக்சி. 42ஆம் எண், புதிய மீன்கள் பிறந்துகொண்டிருக்கும் ஒரியன் முகில். 44ஆம் எண் நம் பூசத் திட்டு. 45ஆம் எண் நம் கார்த்திகை. 57ஆம் எண், இறக்கும் தறுவாயில் ஒரு விண்மீன் வெளியே தள்ளிய வாயு வளையம். பிறப்பு, வாழ்வு, சாவு, அதற்கு மேல் வேறோர் உலகம் என எல்லாம் ஒரே கூடைக்குள் கிடந்தன. மெசியே அதை அறியவில்லை. அறிவதற்கு அக்காலத்தில் வழியும் இல்லை.

அவருக்குப் பின் வந்தவர் வில்லியம் ஹேர்ஷல். ஜேர்மனியிலிருந்து இங்கிலாந்துக்குப் போன சங்கீதக்காரர். தாமே ஆடி தேய்த்துத் தொலைகாட்டி செய்து, 1781இல் யுரேனசைக் கண்டுபிடித்தவர். தங்கை கரோலைன் பக்கத்திலிருந்து குறிப்பெடுக்க, இரவிரவாக வானத்தைத் துழாவி 1786, 1789, 1802 ஆகிய ஆண்டுகளில் மூன்று பட்டியல்கள் வெளியிட்டார். மொத்தம் 2,500 திட்டுக்கள். தங்கை கண்டுபிடித்தவையும் அவற்றிற் சேர்ந்திருந்தன.

ஹேர்ஷலும் தொடக்கத்திற் கலிலியோவின் வழியே சென்றார். போதிய அளவு பெரிய தொலைகாட்டி இருந்தால் எல்லா முகிலும் மீன்களாகப் பிரியும் என்று நம்பினார். 1790ஆம் ஆண்டு நவம்பர் மாதத்து ஓரிரவில் இடப இராசியில் ஒன்றைப் பார்த்தார். நடுவில் தெளிவான ஒரே ஒரு மீன். அதைச் சுற்றி வட்டமாக மெல்லிய ஒளிப்படலம். இந்தப் படலம் தொலைவிலுள்ள மீன்களின் கூட்டம் என்றால், நடுவிலுள்ள மீன் நம்ப முடியாத அளவு பெரிதாக இருக்க வேண்டும். அப்படிக் கொள்வதற்கில்லை. எனவே இது மெய்யாகவே ஒளிரும் ஏதோ ஒரு திரவியம் என்று அவர் தம் கொள்கையை மாற்றிக்கொண்டார். அடுத்த ஆண்டில் வெளியிட்ட கட்டுரைக்கு, சரியான பொருளில் நெபுலா மீன்கள் எனத் தகுவனவற்றைப் பற்றி என்ற கருத்துப்படத் தலைப்பிட்டார். சொல்லுக்கு உரிய பொருளை வரையறுக்க வேண்டும் என்ற உணர்வு அந்தத் தலைப்பிலேயே இருக்கின்றது.

அதே ஹேர்ஷல் ஒரு வில்லங்கத்தையும் விட்டுச் சென்றார். வட்டமாகவும் மங்கிய நிறத்தோடும் தெரிந்த சில திட்டுக்கள், தாம் கண்டுபிடித்த யுரேனசின் தட்டைப் போலத் தோன்றியதால் அவற்றுக்குக் கோள் நெபுலா என்று பெயரிட்டார். அவற்றுக்கும் கோள்களுக்கும் எந்த உறவும் இல்லை. சூரியனைப் போன்ற மீன்கள் முதுமையில் உதறிவிடும் வாயுப் போர்வைகளே அவை. பெயர் மட்டும் இன்றுவரை மாறவில்லை.

ஒளியைப் பிரித்தவர்

1845இல் அயர்லாந்தில் றொஸ் பிரபு ஆறடி விட்டமுள்ள ஆடியைக் கொண்டு பெருந் தொலைகாட்டியொன்றைக் கட்டி முடித்தார். மெசியேயின் 51ஆம் எண் திட்டைப் பார்த்தார். அது சுழி வடிவமாக இருந்தது. நீர்ச்சுழி போன்ற கைகள் வளைந்து சென்றன. சுழி நெபுலா என்ற புதிய வகை பிறந்தது. ஆனால் மறு வருடம் ஒரியன் முகிலும் மீன்களாகப் பிரியத் தொடங்கியதாக அவருக்குத் தோன்றியது. அது கண்ணின் மயக்கம். பெரிய ஆடி ஒன்றே இந்த வழக்கைத் தீர்க்காது என்பது பின்னரே விளங்கிற்று.

தீர்த்து வைத்தது வேறொரு கருவி. ஒளியை அரியத்தின் ஊடாகச் செலுத்தினால் அது நிறமாலையாக விரியும். விண்மீனின் ஒளி தொடர்ச்சியான நிறப்பட்டையாக, இடையிடையே கருங்கோடுகளோடு தெரியும். அடர்த்தி குறைந்து தானே ஒளிரும் வாயுவின் ஒளியோ தனித்தனியான சில பிரகாசமான கோடுகளாக மட்டும் தெரியும். இலண்டனில் தம் வீட்டுத் தோட்டத்தில் ஆய்வுக்கூடம் வைத்திருந்த வில்லியம் ஹகின்ஸ், 1864ஆம் ஆண்டு ஓகஸ்ட் 29ஆம் திகதி இரவு, டிராகோ உடுத்தொகுதியிலுள்ள ஒரு கோள் நெபுலாவை நோக்கித் தம் நிறமாலைகாட்டியைத் திருப்பினார். பட்டையைக் காணவில்லை, பிரகாசமான கோடுகளே இருந்தன. அது வாயு. ஒரியன் முகிலும் வாயுவே என்று தொடர்ந்து தெரிந்தது. அந்திரோமீடாவின் நிறமாலை மட்டும் மீன்களினுடையதைப் போலத் தொடர்ச்சியாக இருந்தது. நெபுலா என்ற பெயரில் குறைந்தது இரண்டு வெவ்வேறு பொருள்கள் உள்ளன என்பது அன்று உறுதியாயிற்று.

அங்கும் ஒரு சொல் வேடிக்கை நடந்தது. அந்தக் கோடுகளுட் பச்சை நிறமான இரண்டு, பூமியில் அறியப்பட்ட எந்த மூலகத்துக்கும் பொருந்தவில்லை. எனவே முகில்களில் மட்டுமே உள்ள ஒரு புதிய மூலகம் என்று கொண்டு 'நெபுலியம்' என்று பெயரிட்டார்கள். 1927இல் ஐரா போவன் என்ற அமெரிக்கப் பௌதிகவியலாளர் அந்தக் கோடுகள் இரண்டு இலத்திரன்களை இழந்த ஒட்சிசனுக்கு உரியவை என்று நிறுவினார். நாம் சுவாசிக்கும் ஒட்சிசன்தான்! பூமியில் நாம் செய்யக்கூடிய வெற்றிடத்திலும் எத்தனையோ மடங்கு ஐதான நிலையில் அவ்வாறு ஒளிர்கிறது. நெபுலியம் என்ற சொல்லுக்குப் பொருளே இல்லாமற் போயிற்று.

நம் கார்த்திகையிலும் ஒரு செய்தி உண்டு. அந்த மீன்களைச் சூழ மெல்லிய முகிலொன்று ஒளிப்படங்களில் தெரிந்தது. 1912இல் அமெரிக்காவின் ஸ்லைபர் அதன் நிறமாலையை எடுத்தார். அது கார்த்திகை மீன்களின் நிறமாலையேதான். முகில் தானாக ஒளிரவில்லை; தெருவிளக்கைச் சுற்றி மூடுபனி வெளுத்துத் தெரிவதுபோல, தூசு மீன்களின் ஒளியைத் தெறித்துக்கொண்டிருந்தது. தானே ஒளிர்வது, தெறித்து ஒளிர்வது, ஒளியை மறைத்துக் கருமையாக நிற்பது என விண்முகிலின் வகைகள் இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாகத் தெளிந்தன.

கடைசி வழக்கு

எஞ்சி நின்றவை சுழிகள். 1888இல் டிறேயர் தொகுத்த புதிய பொதுப் பட்டியலில் 7,840 பொருள்கள் இருந்தன. அவற்றிற் பெரும்பாலானவை நாம் இன்று கலக்சி என்பவையே. அவை பால்வீதிக்கு உள்ளே இருக்கும் சிறு சுழல்களா, வெளியே இருக்கும் தீவுகளா? தூரம் தெரிந்தால் விடை தெரியும். தூரத்தை அளக்கக் கோல் இல்லை.

அந்தக் கோலைத் தந்தவர் ஹாவாட் வான்காணகத்தில் ஒளிப்படத் தகடுகளை ஆராயும் வேலை செய்த ஹென்றியெற்றா லெவிட் என்ற பெண்மணி. தென்வானத்தில் மகெலன் முகில்கள் என்று இரண்டு திட்டுக்கள் உண்டு. இலங்கையிலிருந்து பார்ப்பவருக்குத் தெற்கு அடிவானத்துக்குச் சற்று மேலே தாழ்வாக நிற்பவை. அவற்றுட் சிறியதில் ஒளி கூடிக் குறையும் 25 மீன்களை ஆராய்ந்து, 1912இல் ஓர் ஒழுங்கைக் கண்டார். எவ்வளவு மெதுவாக ஒளி கூடிக் குறைகிறதோ, அவ்வளவு பிரகாசமானது அந்த மீன். ஆகவே நாட்களை எண்ணினால் உண்மைப் பிரகாசம் தெரியும். அதைக் கண்ணுக்குத் தெரியும் பிரகாசத்தோடு ஒப்பிட்டால் தூரம் தெரியும். இந்த மீன்களுக்குச் செபீட் மாறிகள் என்று பெயர்.

1920ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் திகதி வாஷிங்டன் நகரில் ஹாலோ ஷப்லியும் ஹீபர் கேர்ட்டிசும் ஒரே மேடையில் எதிரெதிர்க் கருத்துக்களை முன்வைத்தனர். நமது பால்வீதி மிகப் பெரியது, சுழிகள் தனி உலகங்கள் அல்ல என்றார் ஷப்லி. சுழிகள் வெளியே உள்ள தனி உலகங்கள் என்றார் கேர்ட்டிஸ். சூரியன் பால்வீதியின் நடுவில் இல்லை என்று ஷப்லி சொன்னது சரி. சுழிகளைப் பற்றிக் கேர்ட்டிஸ் சொன்னது சரி. அன்று தீர்ப்புக் கிடைக்கவில்லை.

தீர்ப்பு 1923ஆம் ஆண்டு ஒக்டோபரிற் கிடைத்தது. கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சன் மலையில் 100 அங்குலத் தொலைகாட்டியினால் அந்திரோமீடாவை ஒளிப்படம் எடுத்த எட்வின் ஹபிள், அதில் ஒரு புள்ளியைக் கண்டார். புதிதாக வெடித்த மீன் என்று முதலில் குறித்தார். பழைய தகடுகளோடு ஒப்பிட்டபின் அக்குறிப்பை வெட்டிவிட்டு, மாறும் மீன் என்று ஆச்சரியக் குறியோடு எழுதினார். ஏறத்தாழ 31 நாளுக்கு ஒருமுறை ஒளி கூடிக் குறையும் செபீட் அது. லெவிட் தந்த கோலை வைத்து அளந்தபோது தூரம் ஒன்பது இலட்சம் ஒளியாண்டுக்கு மேல் வந்தது. பால்வீதியைப் பற்றி ஷப்லி சொன்ன மிகப் பெரிய அளவுக்கும் அது வெகு அப்பால். 1925ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் நாள் வாஷிங்டனில் நடந்த வானியலாளர் கூட்டத்தில் அவருடைய கட்டுரை வாசிக்கப்பட்டது. செபீட்களில் இருவகை உண்டு என்று பின்னர் தெரிந்ததால் தூரம் திருத்தப்பட்டு, இன்று ஏறத்தாழ 25 இலட்சம் ஒளியாண்டு என்று கொள்ளப்படுகிறது. அல் சூபி கண்ட சிறு முகிலின் தூரம் அது. கோலைச் செய்து கொடுத்த லெவிட் அம்மையார் இதைக் காண உயிரோடு இருக்கவில்லை. 1921 டிசம்பரிற் காலமானார்.

பெயர் பின்தங்கியது

வழக்குத் தீர்ந்தது, பெயர் தீரவில்லை. தீர்த்து வைத்த ஹபிளே கலக்சி என்ற சொல்லை விரும்பவில்லை. பால்வீதிக்கு வெளியேயுள்ள நெபுலாக்கள் என்றே எழுதினார். 1936இல் அவர் வெளியிட்ட புகழ் பெற்ற நூலின் தலைப்பிலும் நெபுலா என்ற சொல்லே நின்றது. அவர் 1953இல் மறைந்தார். எதிர்க்கட்சியில் நின்று தோற்ற ஷப்லிதான் அவற்றைக் கலக்சி என்று அழைக்க வேண்டும் என்று வற்புறுத்தியவர். வழக்கில் வென்றவர் பழைய சொல்லைக் காத்தார். தோற்றவர் புதிய சொல்லை நிலைநாட்டினார். ஆங்கில நூல்களில் 'அந்திரோமீடா நெபுலா' என்ற பெயர் அதன்பின்னும் பல பத்தாண்டுகள் அச்சேறியது.

கலக்சி என்ற சொல்லுக்கும் தனிக் கதை உண்டு. கிரேக்க மொழியிற் பாலைக் குறிக்கும் 'கலா' என்ற சொல்லின் வழிவந்தது. தேவி ஒருத்தியின் முலைப்பால் சிந்தியதே வானத்தில் வெண்மையாகக் கிடக்கிறது என்பது அவர்கள் புராணம். நம் நாட்டார் அதனை ஆகாயகங்கை என்றனர். நம்முடைய ஒன்றுக்கு இட்ட சிறப்புப் பெயர், 1925க்குப் பின் எல்லாவற்றுக்கும் பொதுப் பெயராகியது.

பிந்தி வந்தவரின் வாய்ப்பு

இனி நம் மொழிக்கு வருவோம். ஐரோப்பிய வானியலும் நம் சோதிடக் கணிதமும் யாழ்ப்பாணத்தில் அருகருகே வைத்துப் பேசப்பட்ட காலம் ஒன்று இருந்தது. வட்டுக்கோட்டைச் செமினரியின் அதிபராயிருந்த ஹொய்சிங்டன், இந்து வானியலை விளக்கி எழுதிய நூல் 1848இல் யாழ்ப்பாணத்து அமெரிக்க மிசன் அச்சகத்தில் அச்சாயிற்று. றொஸ் பிரபு சுழியைக் கண்டு அப்போது மூன்று ஆண்டுகளே சென்றிருந்தன. நெபுலா என்றால் என்ன என்று கேட்டால், ஐரோப்பாவிலேயே ஒருவராலும் ஒழுங்காக விடை சொல்ல முடியாத காலம் அது.

சுயமொழிக் கல்வி வந்து, விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்பிக்கத் தொடங்கிய காலத்திலோ நிலைமை வேறு. விடைகள் எல்லாம் கிடைத்துவிட்டன. பெயரிட்டபின் பொருளை அறிந்தது ஐரோப்பா. பொருளை அறிந்தபின் பெயரிடும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. பிந்தி வந்தவருக்கு அமைந்த அரிய வாய்ப்பு இது. நாம் அதை முழுமையாகப் பயன்படுத்தினோமா என்பதே கேள்வி.

விண்முகில் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வாயுவும் தூசும் திரண்ட முகிலுக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டால் மிக நல்ல சொல். இலத்தீனில் அறியாமையின் பெயராக இருந்தது, தமிழிற் பொருளின் சரியான பெயராகிவிடும். ஆனால் பழைய ஆங்கில நூலைப் பார்த்து அந்திரோமீடாவையும் விண்முகில் என்று மொழிபெயர்த்தால், 1925க்கு முந்திய மயக்கத்தை நாமே விலை கொடுத்து வாங்கியவர்களாவோம். கோள் விண்முகில் என்ற மொழிபெயர்ப்பும் அத்தகையதே. ஹேர்ஷலின் கண்ணுக்கு யுரேனஸ் போலத் தெரிந்தது என்ற ஒரே காரணத்துக்காக, தமிழ் மாணவர் அங்கே கோள் இருப்பதாக எண்ணி மயங்க வேண்டுமா? முதுமீன் உதறிய போர்வை என்ற கருத்தில் ஒரு சொல் ஆக்கினால் பெயரே பாடமும் ஆகிவிடும்.

உடுத்தொகுதி என்ற சொல்லிலும் எச்சரிக்கை வேண்டும். ஒரியன், அந்திரோமீடா போன்ற தோற்ற வடிவங்களுக்கு அது வழங்குகிறது. அதே சொல்லைக் கலக்சிக்கும் எழுதுவோர் உண்டு. தோற்ற வடிவத்தில் உள்ள மீன்கள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று உறவில்லாதவை. எழுமீன் என்று நாம் சொல்லும் சப்தரிஷிகளில், நடுவிலுள்ள ஐவர் ஏறத்தாழ 80 ஒளியாண்டுத் தூரத்தில் ஒன்றாகப் பயணம் செய்கிறார்கள். இரு ஓரத்தில் உள்ளவர்களோ 100 ஒளியாண்டுக்கும் அப்பால், வேறு வழி செல்பவர்கள். நம் கண்ணே அவர்களை ஒரு கூட்டமாக்கியது. கலக்சியோ ஈர்ப்பினாற் கட்டுண்ட மெய்யான கூட்டம். நம் பால்வீதியில் மட்டும் குறைந்தது 10,000 கோடி மீன்கள் உண்டு என்பர். தோற்றத்துக்கும் மெய்க்கும் ஒரே சொல் தகாது. அண்மைக் காலத்தில் 'விண்மீன் பேரடை' என்ற ஆக்கம் வழக்கில் வந்துள்ளது. தேனடையை எண்ணிக்கொண்டால் பொருள் உடனே விளங்கும். கலக்சி என்று அப்படியே எழுதுவோரிடமும் எனக்கு வழக்கில்லை. பால்வீதி என்பதை மட்டும் நம்முடைய ஒன்றுக்கே உரிய பெயராகக் காத்துக்கொள்ள வேண்டும்.

கலைச்சொல் ஆக்கம் என்றால் அகராதியில் ஒரு சொல்லுக்கு எதிரே இன்னொரு சொல்லை வைப்பது என்று நினைக்கிறோம். நாண்மீன், கோண்மீன் என்று பெயரிட்டவர்களிடம் அகராதி இருக்கவில்லை. அவர்கள் வானத்தைப் பார்த்துப் பெயரிட்டார்கள். எது நிற்கிறது, எது நகர்கிறது என்று அறிந்தபின் பெயரிட்டார்கள். அந்த முறையை நாம் கைவிடாதிருந்தால் போதும்.

மாசி, பங்குனி மாதங்களில் நிலவில்லாத இரவொன்று வாய்த்தால், முன்னிரவிலே பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு முற்றத்துக்கு வாருங்கள். மேற்கே சாய்ந்துகொண்டிருக்கும் கார்த்திகையைக் காட்டுங்கள். அதன் மேலே மிருகசீரிடத்தைக் காட்டுங்கள். உச்சிப் பக்கத்தில் பூசத்தின் மங்கலான திட்டைத் தேடச் சொல்லுங்கள். வேட்டுவனின் வாளில் புகைபோல் தெரிவது மெய்யான முகில். பூசத்தில் புகைபோல் தெரிவது மீன்களின் கூட்டம். இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். அவை ஏன் வெவ்வேறு பெயர் பெற்றன என்று ஒரு பிள்ளை கேட்டால், அதற்குச் சொல்ல இப்போது உங்களிடம் ஒரு கதை இருக்கின்றது.